சி.டி. டிரைவ் ஓடவில்லையா? பதற வேண்டாம், படிப்படியாகப் பார்ப்போம்



தையல் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டோம். ஊசி வளைந்திருக்கா, பாபின் சரியா மாட்டியிருக்கா, நூல் இறுக்கமா இருக்கா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பாதி நேரம் நாமே சரி செய்துவிடுவோம். ஆனால் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் "நமக்கென்ன தெரியும்" என்று ஒதுங்கி நிற்கிறோம். அதுவும் ஒரு மெஷின்தான். இந்தப் பாடத்தில் சி.டி. டிரைவ் நின்றுபோனால் என்ன செய்வது என்று பார்ப்போம்.

இது நமக்கு ஏன் முக்கியம்?

புதிய லேப்டாப்புகள் பலவற்றில் இப்போது சி.டி. டிரைவே இருப்பதில்லை. ஆனாலும் பழைய கடன் விவரம், வரவு செலவுக் கணக்கு, பயிற்சிப் படங்கள், ஆண்டு விழாப் புகைப்படங்கள் எல்லாம் சி.டி.யில் பதிந்து அலமாரியில் வைத்திருப்போம். ஸ்கேன் எடுத்த படத்தை சி.டி.யில் போட்டுத் தரும் மருத்துவமனைகள் இன்றும் உண்டு. தேவைப்படும் நாளில் அது திறக்கவில்லை என்றால் கஷ்டம்தான்.

ஒரு கூட்டமைப்பு அலுவலகத்தில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

"அக்கா, சி.டி. டிரைவ் வேலை செய்யலை. ரிப்பேர் பாக்குறவர் வந்தார். ஃபார்மேட் பண்ணினா சரியாயிடும்னு சொல்றார்."

"நம்ம கணக்கெல்லாம் அதுலதானேம்மா இருக்கு? காப்பி எடுத்து வச்சிருக்கியா?"

"பழைய கணக்கு மட்டும் சி.டி.யில இருக்கு. இந்த வருஷக் கணக்குக்குக் காப்பி எடுக்கலைக்கா."

"அப்ப ஃபார்மேட் பண்ண விடாதே. முதல்ல எது கெட்டிருக்குன்னு பாப்போம்."

இந்த அக்கா சொன்னதுதான் சரி. கணக்குகள் இருப்பது கம்ப்யூட்டரின் உள்ளே உள்ள ஹார்டு டிஸ்க்கில். சி.டி. டிரைவ் வேறு, ஹார்டு டிஸ்க் வேறு. சி.டி. டிரைவ் கெட்டுப்போனால் ஹார்டு டிஸ்க்கில் உள்ள கணக்குக்கு ஒன்றும் ஆகாது. ஃபார்மேட் செய்தால்தான் அதில் உள்ளது அழியும். டிரைவின் மோட்டாரோ லென்சோ கெட்டிருந்தால் எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் சரியாகாது. காப்பி எடுக்காமல் யாரையும் ஃபார்மேட் செய்ய விடக்கூடாது.

டிரைவ் எப்படி வேலை செய்கிறது?

பழைய ரெக்கார்டு பிளேயரில் முள் தட்டின் மேல் உரசிப் பாட்டை எடுக்கும். சி.டி. டிரைவில் முள்ளுக்குப் பதில் லேசர் ஒளி. தட்டு வேகமாகச் சுற்றும், சின்ன லென்ஸ் வழியாக ஒளி அதன் மேல் பட்டுத் திரும்பும், திரும்பி வரும் ஒளியை வைத்து டிரைவ் படிக்கும். வேகமான டிரைவில் தட்டு நிமிடத்திற்கு சுமார் 10,000 சுற்று வரை சுற்றும்.

சி.டி., டி.வி.டி. இரண்டுமே 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் கனம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சி.டி.யில் சுமார் 700 எம்.பி. பிடிக்கும், சாதாரண டி.வி.டி.யில் 4.7 ஜி.பி. பிடிக்கும். சி.டி.யைப் படிப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. டி.வி.டி.யைப் படிப்பது சிவப்பு ஒளி. இதை ஞாபகம் வையுங்கள், பின்னால் உதவும்.

முதல் சோதனை: கோளாறு எங்கே?

கோளாறு மூன்று இடத்தில் இருக்கலாம். தட்டில், டிரைவில், அல்லது கம்ப்யூட்டரில். எது என்று கண்டுபிடிக்க சுலபமான வழி, மாற்றிப் போட்டுப் பார்ப்பது.

நன்றாக ஓடும் வேறு இரண்டு மூன்று தட்டுகளை அதே டிரைவில் போடுங்கள். அவை ஓடினால் டிரைவ் நல்லா இருக்கு, உங்கள் தட்டில்தான் கோளாறு. எதுவுமே ஓடவில்லை என்றால் டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ கோளாறு. உங்கள் தட்டைப் பக்கத்து அலுவலகத்திலோ பள்ளியிலோ வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் தட்டு நல்லா இருக்கு என்று நிம்மதியாகலாம்.

டி.வி.டி. எல்லாம் ஓடுகிறது, சி.டி. மட்டும் எதுவும் ஓடவில்லை என்றால்? அல்லது அதற்கு நேர் மாறாக இருந்தால்? இரண்டுக்கும் ஒளி வேறு என்று பார்த்தோமே. அதில் ஒன்று பலவீனமாகியிருக்கும். டிரைவை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, டிரைவின் முகப்பில் டி.வி.டி. என்று எழுதியிருக்கா பாருங்கள். வெறும் சி.டி. டிரைவில் டி.வி.டி. ஓடாது. அது கோளாறு இல்லை.

தட்டில் கோளாறு என்றால்

எழுத்து உள்ள பக்கம் மேலே, பளபளப்பான பக்கம் கீழே இருக்க வேண்டும். அவசரத்தில் தலைகீழாகப் போடுவது, ஒன்றோடு ஒன்று ஒட்டிய இரண்டு தட்டைச் சேர்த்துப் போடுவது எல்லாம் எல்லோருக்கும் நடக்கிறதுதான்.

கைரேகை, எண்ணெய், தூசி இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். பாத்திரம் துடைப்பதுபோல் வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். ஏனென்றால் விவரங்கள் வட்டமாகப் பதிந்திருக்கின்றன. வட்டமாகக் கீறல் விழுந்தால் ஒரே இடத்தில் நிறைய அழிந்துபோகும். குறுக்கே விழும் சின்னக் கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும். அழுக்கு போகவில்லை என்றால் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு கலந்து துணியை நனைத்துத் துடைத்து, நிழலில் காய வைக்கலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் கூடவே கூடாது.

பலருக்குத் தெரியாத ஒன்று. சி.டி.யில் பளபளப்பான பக்கத்தைவிட எழுத்து உள்ள பக்கத்தைத்தான் அதிகம் காப்பாற்ற வேண்டும். விவரம் பதிந்திருக்கும் மெல்லிய படலம் அந்தப் பக்கத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அதனால் அதில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். சி.டி.க்கென்று விற்கும் மார்க்கரால் எழுதுங்கள்.

விரிசல் விட்ட தட்டை எந்தக் காரணம் கொண்டும் டிரைவில் போடாதீர்கள். சுற்றுகிற வேகத்தில் உள்ளேயே சில்லுசில்லாக உடைந்து டிரைவையும் கெடுத்துவிடும்.

டிரைவில் கோளாறு என்றால்

தட்டு வைக்கும் டிரேயின் பட்டனை அழுத்துங்கள். விளக்கு எரிகிறதா?

விளக்கே எரியவில்லை, டிரே அசையவில்லை என்றால் டிரைவுக்குக் கரண்ட் வரவில்லை. கேபிள் கழன்றிருக்கலாம்.

விளக்கு எரிகிறது, உள்ளே உறுமுகிற சத்தம் கேட்கிறது, டிரே மட்டும் வெளியே வரவில்லை என்றால் தட்டு சிக்கியிருக்கலாம். டிரேயைத் தள்ளும் ரப்பர் பெல்ட் தளர்ந்தும் இருக்கலாம். முகப்பில் ஊசி நுழைகிற அளவுக்குச் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஜெம் கிளிப்பை நேராக்கி அந்த ஓட்டையில் மெதுவாக அழுத்துங்கள். டிரே கொஞ்சம் வெளியே வரும். மீதியைக் கையால் பக்குவமாக இழுக்கலாம். கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ விட்டு நெம்பாதீர்கள்.

டிரே திறக்கிறது, தட்டு சுற்றுகிறது, ஆனால் படிக்க மாட்டேன் என்கிறது. லென்சில் தூசி படிந்திருக்கலாம். மிளகாய்ப்பொடி, மசாலாப்பொடி அரைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அலுவலகம் இருந்தால் இது சீக்கிரம் நடக்கும். லென்ஸ் துடைக்கவென்றே சின்ன பிரஷ் வைத்த தட்டு கடையில் கிடைக்கும். அதைப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். டிரைவின் மூடியைக் கழற்றி ஓடவிட்டு உள்ளே பார்ப்பது ஆபத்து. லேசர் ஒளி கண்ணைக் கெடுக்கும். சி.டி.யின் ஒளி கண்ணுக்கே தெரியாது என்பதால் பட்டதுகூடத் தெரியாது.

கம்ப்யூட்டருக்கு டிரைவ் தெரிகிறதா?

திரையில் திஸ் பி.சி. என்பதைத் திறந்தால் டிரைவின் படம் இருக்க வேண்டும். இல்லை என்றால் முதலில் ரீஸ்டார்ட் கொடுங்கள். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் ஸ்டார்ட் பட்டனில் மவுசின் வலது பக்கத்தை அழுத்தி டிவைஸ் மேனேஜர் என்பதைத் திறங்கள். அதில் டி.வி.டி., சி.டி. டிரைவ்களுக்கென்று ஒரு வரி இருக்கும். டிரைவின் பெயருக்கு அருகில் மஞ்சள் முக்கோணம் இருந்தால், அந்தப் பெயரில் வலது பக்கத்தை அழுத்தி அன்இன்ஸ்டால் கொடுத்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானாகவே டிரைவைத் தேடித் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். இதனால் உங்கள் ஃபைல் எதுவும் அழியாது. பயப்பட வேண்டாம்.

சி.டி. எழுதுகிற சாஃப்ட்வேர் ஏதாவது புதிதாக ஏற்றிய பிறகோ, நீக்கிய பிறகோ டிரைவ் காணாமல் போயிருந்தால், ரிஜிஸ்ட்ரி என்னும் இடத்தில் திருத்தம் செய்ய வேண்டி வரலாம். அதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். அவரிடம் "இது எப்போதிலிருந்து, எதற்குப் பிறகு" என்று சொன்னாலே அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

டிவைஸ் மேனேஜரில் அந்த வரியே இல்லை என்றால் கேபிளைப் பார்க்க வேண்டும். மேசைக் கம்ப்யூட்டராக இருந்து, பெட்டியில் வாரண்டி ஸ்டிக்கர் இல்லை என்றால் மட்டும் திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் வெறும் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, டிரைவின் பின்னால் பாருங்கள். இரண்டு கேபிள் இருக்கும். ஒன்று கரண்டுக்கு, ஒன்று விவரம் போய் வர. இரண்டையும் கழற்றி நேராக, நன்றாக அழுத்தி மாட்டுங்கள். விவரக் கேபிள் பழைய மெஷினில் பட்டையாக அகலமாக இருக்கும். பின்னால் வந்தவற்றில் ஒல்லியாக இருக்கும். எலி கடித்திருக்கா என்றும் பாருங்கள். லேப்டாப்பை நீங்களாகத் திறக்க வேண்டாம்.

ரிப்பேரா, புதுசா?

இத்தனையும் பார்த்தும் ஓடவில்லை என்றால் டிரைவ் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் பிரித்து ரிப்பேர் செய்வதைவிட மாற்றுவதுதான் பெரும்பாலும் லாபம். யு.எஸ்.பி.யில் சொருகும் வெளி டி.வி.டி. டிரைவ் வாங்கினால் பெட்டியைத் திறக்கவே தேவையில்லை, லேப்டாப்புக்கும் ஆகும். ஒவ்வொரு குழுவும் வாங்க வேண்டியதில்லை, கூட்டமைப்புக்கு ஒன்று போதும். அதை மேசைக் கம்ப்யூட்டரின் பின்பக்க யு.எஸ்.பி.யில் நேராகச் சொருகுங்கள். மின்சாரம் போதாவிட்டால் சொருகியும் ஓடாது. கேபிளில் இரண்டு முனை இருந்தால் இரண்டையும் சொருக வேண்டும்.

வெளியாளிடம் வேலை கொடுப்பதானால் அவரை அலுவலகத்துக்கே வரச்சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் உறுப்பினர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இருக்கும். அது வெளியே போகக்கூடாது. செலவு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். கழற்றிய பழைய டிரைவைத் திரும்ப வாங்குங்கள். பில் வாங்கி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிச் செலவில் வையுங்கள்.

ஓடியதும் செய்ய வேண்டியது

டிரைவ் சரியானதும் "அப்பாடா" என்று சி.டி.யைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அன்றைக்கே அதில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்து, இன்னொரு காப்பியைப் பென் டிரைவில் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். காப்பி எடுத்ததைத் திறந்து பார்த்துச் சரிபாருங்கள். நாம் பதிவு செய்யும் சி.டி.யில் இருப்பது ஒருவகைச் சாயப் படலம். வெயிலும் வெப்பமும் பட்டால் காலப்போக்கில் மங்கிவிடும். ஒரே இடத்தில் உள்ள கணக்கு, ஒரே மூட்டையில் கட்டிய விதை நெல் மாதிரி. அது போனால் எல்லாம் போச்சு.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் அலமாரியில் எத்தனை சி.டி. இருக்கிறது? எதில் என்ன இருக்கிறது என்று பட்டியல் உண்டா?

2. நம் கணக்குக்கு இரண்டாவது காப்பி இருக்கிறதா? அது எங்கே, யார் பொறுப்பில்?

3. கணக்காளர் தவிர இன்னும் இரண்டு பேருக்காவது காப்பி எடுக்கத் தெரியுமா?

நினைவில் வையுங்கள்: முதலில் தட்டை மாற்றிப் பார். பிறகு விளக்கைப் பார். பிறகு ரீஸ்டார்ட் செய். பிறகு கேபிளைப் பார். காப்பி எடுக்காமல் ஃபார்மேட் செய்ய விடாதே.

பதறாத காரியம் சிதறாது, சகோதரிகளே. இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கம்ப்யூட்டர் மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.