பகுப்படையாத செல் இறந்த செல்லா?

செல் பாடத்தில், 'உயிருள்ள செல் வளரும், பகுப்படையும்' என்று சொன்னதும், "அப்படியானால் பகுப்படையாத செல் செத்துவிட்டதா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இதற்கு விடை சொல்ல நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் சுண்டெலியின் கரு.

சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 20 நாட்கள். கருவுற்ற முட்டை பலமுறை பகுப்படைந்து, நான்காம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் என்னும் உள்ளீடற்ற பந்து போன்ற நிலையை அடைகிறது. அடுத்து அது கருப்பையில் பதிய வேண்டும். ஆனால், முந்தைய குட்டிகளுக்குத் தாய் பாலூட்டிக்கொண்டிருந்தால் கரு பதியாமல் காத்திருக்கும். அதன் செல் பகுப்பு ஏறக்குறைய நின்றுவிடும். புரத உற்பத்தியும் குறையும். பின்னர் தாயின் உடலில் ஈஸ்ட்ரோஜன் கூடியதும் கரு பதிந்து, விட்ட இடத்திலிருந்து வளரத் தொடங்கும்.

1981இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும் இவ்வாறு காத்திருக்க வைத்த கருக்களிலிருந்தே குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தனர். உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறும் திறன் கொண்டவை அவை. எவன்ஸ் 2007இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

செல்லில் புரத உற்பத்தியை முடுக்கிவிடும் எம்டார் என்னும் புரதத்தை மருந்தால் தடுத்தால், இந்த உறக்கத்தை ஆய்வகத்திலேயே வரவழைக்கலாம் என 2016இல் கண்டறிந்தனர். மருந்தை நீக்கியதும் குருத்தணுக்கள் மீண்டும் பகுப்படைந்தன. அவ்வாறு உறங்கிய கருக்களைத் தாய் எலிகளின் உடலில் வைத்தபோது குட்டிகள் பிறந்தன.

இங்கு மாணவர்கள் பிரித்தறிய வேண்டியவை இரண்டு கேள்விகள்: செல் இப்போது பகுப்படைகிறதா? இனி அது என்னவாக மாற முடியும்? மூளையின் நரம்புச் செல் பகுப்படைவதில்லை. இயல்பாக வேறு வகைச் செல்லாக மாறுவதுமில்லை. உறங்கும் குருத்தணுவும் பகுப்படைவதில்லை. ஆனால் அதன் வாய்ப்புகள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன. இரண்டுமே உயிருள்ளவை.

வகுப்பறையில் இதை உணர்த்தப் பச்சைப்பயறு போதும். காய்ந்த பயற்றில் ஒரு பிடியையும், வேகவைத்துக் காயவைத்ததில் ஒரு பிடியையும் இரவு ஊறவைத்து, தனித்தனி ஈரத்துணியில் கட்டி வையுங்கள். எது முளைக்கும் என்பதை முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து முடிச்சை அவிழ்த்ததும், 'நேற்றுமுன்தினம் இரண்டுமே வளராமல்தானே இருந்தன, என்ன வேறுபாடு?' என்று கேளுங்கள். உறக்கத்துக்கும் இறப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களே சொல்லிவிடுவார்கள்.