கரையும் மண்ணில் ஒரு நடை

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் பிளாக் ஹில்ஸ் என்னும் குன்றுகள் உள்ளன. அங்குள்ள பைன் காடு தொலைவிலிருந்து கருமையாகத் தெரிவதால் அப்பெயர் வந்தது. குன்றுகளுக்குக் கிழக்கே புல்வெளி விரிகிறது. அது திடீரென அறுபட்டு, வரிவரியான மண் முகடுகளாக மாறும் இடமே பேட்லண்ட்ஸ் தேசியப் பூங்கா. லக்கோட்டா மக்கள் இதைக் ‘கெட்ட நிலம்’ என்றனர்.

நடப்பவருக்கோ இது நல்ல நிலந்தான். இங்குள்ள புதைபடிவப் பாதை அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. பலகை பாவியிருப்பதால் சக்கர நாற்காலியிலும் செல்லலாம். மழையும் காற்றும் ஆண்டுதோறும் மண்ணை அரிக்க, பழங்கால விலங்குகளின் எலும்புகள் வெளிப்படுகின்றன. 2010இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பார்வையாளர் மையத்தின் அருகே ஓர் எலும்பைக் கண்டு அலுவலர்களிடம் தெரிவித்தாள். ஆய்வாளர்கள் தோண்டியபோது கிடைத்தது, வாள்போன்ற கோரைப்பற்கள் கொண்ட, பூனையை ஒத்த விலங்கின் மண்டையோடு. அதன் வயது மூன்று கோடி ஆண்டுகளுக்கும் மேல்!