வயதானவர்களின் மறதியும் காளானும் – தெரிந்து கொள்வோம், தெளிவு பெறுவோம்



அண்மைக் காலமாக நம் குழுக் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "மாமியாருக்கு மறதி அதிகமாயிடுச்சு. காளான் மாத்திரை சாப்பிட்டா ஞாபகம் திரும்பி வரும்னு சொல்றாங்க. குழுவுல கடன் எடுத்து வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் கடன் எடுப்பதற்கு முன் விஷயத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்த மாதப் பாடம்.

மறதி எல்லாம் நோயா?

சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்து, கொஞ்ச நேரம் கழித்து நினைவுக்கு வந்தால் அது வயதின் மறதி. சாவி எதற்கு என்பதே தெரியாமல் போனால் அது வேறு. கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்:

• பிறந்து வளர்ந்த ஊரிலேயே வழி தெரியாமல் நிற்பது
• கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது
• காலமெல்லாம் வைத்த குழம்பை வைக்கத் தெரியாமல் தடுமாறுவது
• சில்லறை எண்ண முடியாமல் போவது

இவை தெரிந்தால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் உள்ளது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். இதில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை செய்தால் மறதி குறைய வாய்ப்பு உண்டு. ஆகவே முதலில் போக வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம். மாத்திரை விற்பவரிடம் அல்ல.

காளானைப் பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் 60 வயதுக்கு மேற்பட்ட 663 பேரை ஆய்வு செய்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்தில் 2 பங்குக்கு மேல் காளான் சமைத்துச் சாப்பிட்டவர்களிடம் ஆரம்ப நிலை மறதிக் கோளாறு ஏறக்குறைய பாதி அளவே காணப்பட்டது. ஒரு பங்கு என்பது சமைத்த காளான் முக்கால் கப். அவர்கள் சாப்பிட்டது கடையில் கிடைக்கும் சாதாரணக் காளான்கள். நம்ம சிப்பிக் காளானும் அதில் ஒன்று.

காளானில் எர்கோதயோனைன் என்ற சத்து நிறைய இருக்கிறது. இதை நம் உடம்பு தானாகத் தயாரிக்காது. சாப்பாட்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது மூளைக்கு உதவலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். காளான் சாப்பிடுகிறவர்கள் வேறு நல்ல உணவும் சாப்பிட்டிருக்கலாம். ஆகவே காளான்தான் காத்தது என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை.

மாத்திரையாக விற்பது பெரும்பாலும் சிங்கத்தின் பிடரி போல் தொங்கும் ஒரு வகைக் காளான். ஜப்பானில் இதற்கு யமபுஷிதாகே என்று பெயர். அங்கே லேசான மறதி உள்ள 30 பேரிடம் நடத்திய சோதனை 2009-ல் வெளிவந்தது. 16 வாரம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நினைவுத் தேர்வில் மதிப்பெண் கூடியது. நிறுத்திய 4 வாரத்தில் மதிப்பெண் மறுபடியும் இறங்கியது. 30 பேர் என்பது மிகச் சிறிய கணக்கு. முற்றிய மறதி நோயைக் காளான் குணமாக்கும் என்பதற்கு இன்றுவரை ஆதாரம் இல்லை.

கடன் எடுத்து மாத்திரை வாங்கலாமா என்ற கேள்விக்கு நம் பதில்: வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் காளான் மாத்திரையையும் தொடவே கூடாது.

மலையில் முளைக்கும் காளான் – கவனம்!

கல்வராயன் மலையில் மழை பெய்து இடி இடித்தால் புற்றுக் காளான் பறிக்கக் கிளம்புவது வழக்கம். தலைமுறையாகப் பறித்துப் பழகிய பெரியவர்களுக்கு அது தெரியும். தெரியாதவர்கள் பார்த்துப் பறித்தால் ஆபத்து. வெள்ளிக்காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, பூச்சி தின்றிருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் எதையும் நம்ப முடியாது. சில விஷக் காளான்களின் விஷம் வேக வைத்தாலும் போகாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, பேதி தொடங்கும். நடுவில் நின்றது போல் இருந்து, பிறகு ஈரலைக் கெடுக்கும். சந்தேகம் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். மிச்சம் உள்ள காளானையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டிலேயே வளர்க்கலாமே!

சிப்பிக் காளானுக்கு வைக்கோல் போதும்.

1. வைக்கோலை 2 அங்குலத் துண்டுகளாக நறுக்கி 4 முதல் 5 மணி நேரம் ஊற வையுங்கள்.
2. அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேக வைத்து, நிழலில் உலர்த்துங்கள். பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும்.
3. பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு காளான் வித்து என மாற்றி மாற்றி நிரப்பிக் கட்டி, இரண்டு மூன்று துளை இடுங்கள். ஒரு புட்டி வித்து இரண்டு பைக்கு வரும்.
4. இருட்டான, குளிர்ந்த இடத்தில் 15 முதல் 20 நாள் வையுங்கள். பை முழுக்க வெள்ளை படர்ந்ததும் பையைக் கீறிவிட்டுத் தினமும் தண்ணீர் தெளியுங்கள்.
5. சில நாளில் மொட்டு வரும். சுமார் 45 நாளுக்குள் மூன்று முறை பறிக்கலாம்.

காளான் குடிலுக்குள் போகும்போது மூக்கில் துணி கட்டிக் கொள்ளுங்கள். காளானிலிருந்து பறக்கும் தூள் சிலருக்கு இருமலும் இழுப்பும் தரும். பயிற்சிக்கும் வித்துக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தையோ தோட்டக்கலை அலுவலரையோ கேளுங்கள். குழுக் கடனை மாத்திரைக்குப் போடுவதைவிடக் குடிலுக்குப் போட்டால் வீட்டுக்கும் காளான், சந்தைக்கும் காளான்.

காளான் மட்டும் போதாது

லான்செட் மருத்துவக் குழு 2024-ல் மறதி நோயைத் தூண்டும் 14 காரணங்களைச் சொன்னது. இவற்றைக் கவனித்தால் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியலாம் என்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, பார்வைக் குறைவு, புகை, அதிக மது, தலைக்காயம், உடலுழைப்பு இல்லாமை, மனச்சோர்வு, தனிமை, உடல் பருமன், காற்று மாசு, இளமையில் கல்வி இல்லாமை ஆகியவையே அவை.

இதில் பலவற்றுக்கு வழி நம் வாசலிலேயே இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைக் கொண்டு வருபவர்களில் நம் குழுச் சகோதரிகளும் உண்டு. கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். காது கேட்காத பாட்டியைக் "கிடக்கட்டும்" என்று மூலையில் விடாதீர்கள்; பேசப் பேசத்தான் மூளை விழித்திருக்கும். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

மறதி வந்தவரைத் திட்டுவதால் ஞாபகம் வராது, பயம்தான் வரும். அவரைப் பார்த்துக் கொள்ளும் மருமகளுக்கும் ஓய்வு வேண்டும். அந்தப் பாரத்தை வீட்டில் உள்ள ஆண்களும் பங்கிட்டுக் கொள்ள வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

• நம் குழுக் குடும்பங்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? யாருக்கெல்லாம் அழுத்தம், சர்க்கரை பார்த்திருக்கிறோம்?
• யாராவது மாத்திரை விற்க வந்தார்களா? என்ன சொன்னார்கள்?
• சேர்ந்து ஒரு காளான் குடில் போட முடியுமா? வைக்கோல் யார் தருவது, விற்பது யார்?

ஊக்குநரும் பிரதிநிதியும் பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கூட்டமைப்புக்குக் கொண்டு வாருங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு இந்தப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.