கலயமும் கண்ணாடித் தகடும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

திருச்செந்தூருக்கு மேற்கே, செம்மணல் தேரியை ஒட்டிய சிற்றூர் என்னுடையது. அப்பா பனையேறி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விலங்கியல் படிக்கிறேன் என்றால் ஊரில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "ஏலே, தவளைய அறுத்திட்டியா?" எங்கள் பாடத்திட்டத்தில் தவளையை அறுப்பது கிடையாது. பார்வைக்கு அதைவிட எளிதாகத் தோன்றும் ஒரு செய்முறையை இந்த ஆண்டு கற்றேன். அது இரத்த வகை கண்டறிதல். மூன்று சொட்டு இரத்தம், மூன்று சொட்டு மருந்து, இரண்டு நிமிடம், இவ்வளவுதான். அந்த இரண்டு நிமிடத்தில் நான் செய்த பிழையையும், அதனால் கற்றதையும் சக மாணவர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அணுக்கள் ஏன் திரள்கின்றன?

நம் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் சர்க்கரைக் கூறுகளாலான சங்கிலிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அடிப்படையாக உள்ளதை 'எச்' பொருள் என்பர். அதன் நுனியில் ஒரு வகைச் சர்க்கரை கூடுதலாகச் சேர்ந்தால் அது 'ஏ' வகை. வேறொரு சர்க்கரை சேர்ந்தால் 'பி' வகை. இரண்டும் இருந்தால் 'ஏபி'. எதுவும் சேராமல் 'எச்' மட்டுமே நின்றால் 'ஓ'. இவை தவிர 'டி' என்னும் புரதம் அணுவின் மேல் இருந்தால் பாசிட்டிவ் என்றும், இல்லையானால் நெகட்டிவ் என்றும் சொல்கிறோம்.

ஆய்வுக்கூடத்தில் மூன்று சிறு புட்டிகள் உண்டு. நீல நிறத்தில் இருப்பது ஆன்டி-ஏ, மஞ்சள் நிறத்தில் இருப்பது ஆன்டி-பி, நிறமற்றது ஆன்டி-டி. இவற்றில் எதிர்ப்பொருள்கள் உள்ளன. தமக்குரிய கூறை அணுவின் மேல் கண்டால் அவை பற்றிக்கொள்ளும். ஓர் எதிர்ப்பொருள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அணுக்களைப் பற்றுவதால், அணுக்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, உடைந்த செங்கல் பொடிபோல் திரள்கின்றன. திரளாவிட்டால் சொட்டு ஒரே சீராகச் சிவந்திருக்கும். புத்தகத்தில் இது ஒரு பக்கம். தேர்வில் ஐந்து மதிப்பெண்.

கை செய்ய வேண்டியவை

மோதிர விரலின் நுனியைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். துடைத்த ஈரம் காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் இரத்தம் சாராயத்தில் கலந்து அணுக்கள் சிதையும். உறையிலிருந்து அப்போதே எடுத்த ஊசியால்தான் குத்த வேண்டும். ஒருவருக்குப் பயன்பட்ட ஊசி இன்னொருவர் விரலை ஒருபோதும் தொடக்கூடாது. ஊசி துளைக்க முடியாத பெட்டிக்குள் அதை உடனே போட்டுவிட வேண்டும்.

கண்ணாடித் தகட்டில் மூன்று மருந்துகளையும் தனித்தனியே ஒரு சொட்டு வைத்து, எது எந்தச் சொட்டு என்று முன்பே எழுதிவிட வேண்டும். ஒவ்வொன்றிலும் சிறு துளி இரத்தம் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு குச்சியால் கலக்க வேண்டும். ஒரே குச்சியால் மூன்றையும் கலக்கினால் ஒரு மருந்து அடுத்ததற்குள் போய்விடும். பிறகு தகட்டை மெல்ல அசைத்தபடி வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் முடிவைப் படித்துவிட வேண்டும். இந்தக் கடைசி வரியை நான் குறிப்பேட்டில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன். காரணம் மட்டும் தெரியாது.

நான் கண்டதும் காண விரும்பியதும்

பனைமட்டையின் கருக்கு கிழித்தால் கலங்காத கைதான் என்னுடையது. ஆனாலும் என் விரலை நானே குத்திக்கொள்ள மூன்று முறை ஊசியைக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்தேன். பக்கத்து மேசைத் தோழர்கள் சிரித்தார்கள். ஒருவாறு குத்தி, மூன்று சொட்டும் வைத்து, கலக்கி முடித்தேன். ஆன்டி-டி உடனே திரண்டது. மற்ற இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. சற்றுப் பொறுப்போம் என்று தகட்டை மேசைமேல் வைத்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போது என் அக்கா நிறைமாதம். மருத்துவமனை அட்டையில் அவள் இரத்தம் 'பி பாசிட்டிவ்' என்று எழுதியிருந்தது. உடம்பில் இரத்தம் குறைவு, கொடுக்க ஆள் பார்த்து வையுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். எனக்கும் 'பி' என்று வந்துவிட்டால் நல்லது என்ற நினைப்பு காலையிலிருந்தே மனத்தில் இருந்தது.

திரும்ப வந்து பார்த்தபோது ஆன்டி-பி சொட்டின் ஓரத்தில் சிறுசிறு மணிகள் தெரிந்தன. 'பி பாசிட்டிவ்' என்று மையால் எழுதிவிட்டேன். அன்றைய முடிவுகள், நாட்டு நலப்பணித் திட்டத்தின் இரத்தக் கொடையாளர் பட்டியலுக்குப் போகவிருந்தன.

விரிவுரையாளர் தகட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"தெரியல சார்."

"ஆன்டி-ஏ ஓரத்தைப் பார்த்தியா?"

பார்த்தேன். அங்கும் அதே மணிகள். அந்தச் சொட்டை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் தேடியது ஆன்டி-பியில்; ஆகவே அதில் மட்டும் கண்டேன். "இது திரண்ட இரத்தம் இல்லப்பா, காய்ந்த இரத்தம்" என்றார் அவர். சொட்டு உலரும்போது ஓரத்தில் அணுக்கள் ஒதுங்கித் திரள்போலவே தோற்றம் தரும். இரண்டு நிமிடம் என்ற வரிக்கு இதுதான் காரணம்.

மீண்டும் செய்தேன். இம்முறை வகை தெரிந்த 'ஏ' இரத்தத்தையும் 'பி' இரத்தத்தையும் பக்கத்தில் வைத்து, மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்தேன். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டேன். மூன்று முறை செய்தும் முடிவு 'ஓ பாசிட்டிவ்'.

பிழையாக எழுதிய பக்கத்தைக் கிழிக்கப் போனேன். அவர் விடவில்லை. ஒரே கோடாக அடித்து, அடித்தது படிக்கும்படி இருக்க, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையொப்பமிடச் சொன்னார். அந்தப் பக்கம் இன்றும் என் நோட்டில் இருக்கிறது. என் நோட்டில் மிகவும் பயனுள்ள பக்கம் அதுதான்.

அப்பாவின் பாடம்

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா வியப்படையவில்லை. "கலயம் மாதிரிதான்" என்றார்.

பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பு தடவ வேண்டும். தடவினால் கிடைப்பது பதநீர், தடவாவிட்டால் கள். காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் பதநீரின் சர்க்கரையைப் புளிக்கச் செய்கின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மை அவற்றைப் பெருகவிடாமல் தடுக்கிறது. இதை நான் நுண்ணுயிரியல் பாடத்தில் படித்தேன். அப்பா படிக்காமலேயே நாள்தோறும் செய்துவருகிறார்.

சிறுவனாக இருந்தபோது ஒருநாள் சுண்ணாம்பு தடவும் வேலையை என்னிடம் விட்டார். விளையாட்டு நினைப்பில் இரண்டு கலயங்களை விட்டுவிட்டேன். மறுநாள் அந்த இரண்டின் பதநீரும் மற்றதோடு சேர்ந்து அடுப்பேறியது. அம்மா விறகைத் தள்ளித் தள்ளிக் காய்ச்சியும் பாகு இறுகவில்லை. சிரட்டையில் ஊற்றியும் கருப்பட்டியாகவில்லை. ஒரு நாள் உழைப்பு முழுவதும் போயிற்று. அப்பா அடிக்கவில்லை. "நேத்து தடவினது இன்னைக்கு ஆகாது மக்கா" என்று மட்டும் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் வேறு பெயரில் மறுபடி கற்றது இதைத்தான்.

பெரியோர் செய்ததும் இதே வேலைதான்

இரத்த வகைகளைக் கண்ட கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் செய்ததும் பார்வைக்குச் சிறிய வேலையே. வியன்னா நகரில் தம் இரத்தத்தையும் உடன் வேலை செய்தோர் இரத்தத்தையும் எடுத்து, அணுக்களையும் சீரத்தையும் பிரித்து, ஒவ்வொருவர் சீரத்தையும் ஒவ்வொருவர் அணுக்களோடு கலந்து, திரண்டதா இல்லையா என்று அட்டவணையில் குறித்தார். 1901-இல் வெளியான அந்த அட்டவணையிலிருந்து மூன்று வகைகள் தெரியவந்தன. ஏபி வகை அடுத்த ஆண்டு அவருடைய சகாக்களால் அறியப்பட்டது. 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எந்தக் கட்டத்திலும் ஆசைப்பட்டதை எழுதாமல் கண்டதை எழுதியதால்தான் அந்த அட்டவணை நின்றது.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவருடைய குழுவினரும் ஒரு புதிய வகையை அறிவித்தனர். அதற்குப் 'பாம்பே வகை' என்றே பெயர். அந்த வகையினரின் அணுக்களில் 'எச்' பொருளே இல்லை. ஆகவே நாம் செய்யும் மூன்று சொட்டுச் சோதனையில் அது 'ஓ' என்றே தெரியும். ஆனால் அவர்கள் உடம்பில் 'எச்' பொருளுக்கு எதிர்ப்பொருள் இருப்பதால் 'ஓ' இரத்தத்தையும் ஏற்க முடியாது. ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அணுக்களை மட்டும் பார்த்து நில்லாமல் சீரத்தையும் தெரிந்த அணுக்களோடு கலந்து பார்த்தால்தான் அது வெளிப்படும். 'ஓ' என்று எழுதிவிட்டு எழுந்து போவோருக்கு அது ஒருபோதும் அகப்படாது.

அக்காவின் இரத்தம்

சில வாரங்களில் அக்காவுக்கு வலி கண்டது. ஒரு பை இரத்தம் வேண்டும் என்றார்கள். நான் இரத்த வங்கிக்கு ஓடினேன். பதினெட்டு வயது நிறைந்திருந்தது, எடை 45 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபினும் 12.5 கிராமுக்குக் குறையவில்லை. "நான் ஓ பாசிட்டிவ். கல்லூரியில் மூன்று முறை பார்த்தது" என்று சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அங்கிருந்த ஆய்வுக்கூட நுட்புநர் அம்மா, "நல்லது தம்பி, உட்காருங்க" என்று சொல்லி, பஞ்சால் என் விரலைத் துடைத்தார். ஈரம் காயும்வரை பொறுத்தார். குத்தினார். தகட்டை அசைத்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்று அவருக்கு அது எத்தனையாவது சோதனையோ! முகத்தில் களைப்பு தெரிந்தது. ஆனால் கை எதையும் விடவில்லை.

என்னிடமிருந்து 350 மில்லி எடுத்துக்கொண்டார்கள். அது பின்னர் வேறு யாருக்கோ பயன்பட்டிருக்கும். அக்காவின் அட்டையில் 'பி' என்று இருந்தும், அவளிடமிருந்து புதிதாக மாதிரி எடுத்து வகை பார்த்து, இருப்பிலிருந்த ஒரு 'பி' பையோடு பொருத்தமும் பார்த்த பிறகே ஏற்றினார்கள். தாயும் பெண் குழந்தையும் நலம்.

அன்றிரவு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். என் முதல் முடிவு அப்படியே பட்டியலில் போயிருந்தாலும் இவர்கள் கையில் அகப்பட்டிருக்கும். அகப்படுவதற்குக் காரணம், முன்பு யார் எழுதியதையும் நம்பி அவர்கள் அந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிடவில்லை என்பதே. அப்படிப்பட்ட ஒரு கை என் தோளின் கீழும் இருக்க வேண்டும் என்று அன்று ஆசைப்பட்டேன். படிப்பு முடித்து மருத்துவ ஆய்வுக்கூடப் பயிற்சியில் சேர எண்ணியிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு இந்த மேசைக்கு வரப்போகும் தம்பி, தங்கையரே! செய்முறை வகுப்பை மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்யாதீர்கள். மூத்தோர் நோட்டைப் பார்த்து முடிவை எழுதாதீர்கள். மூன்று சொட்டையும் பாருங்கள். கடிகாரத்தை எதிரே வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.