மிதித்த பிரேக் ஏன் மெல்ல இறங்குகிறது?



பாஸ்கல் விதியை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அடைபட்ட திரவத்தின் மீது ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று எழுதி, படமும் வரைந்து, மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கண்ட இவ்வுண்மை, அவர் மறைந்த மறு ஆண்டான 1663-இல் நூலாக வெளிவந்தது. அவ்விதி ஒரு காருக்குள் எப்படி வேலை செய்கிறது, எப்போது நம்மைக் கைவிடுகிறது என்பதை இங்கே எழுத விரும்புகிறேன். கோச்சடையில் என் சித்தப்பா கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறையில் அங்கே பார்த்தும் கேட்டும் அறிந்தவையே இவை.

முற்காலக் கார்களில் கம்பிகளும் கயிறுகளும் இழுத்துத்தான் பிரேக் பிடித்தன. நான்கு சக்கரமும் ஒரே சீராகப் பிடிக்கச் செய்வது பெரும்பாடு. 1921-இல் அமெரிக்காவில் வெளிவந்த டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக்கைக் கொண்டிருந்தது. நம் நாட்டில், மதுரையில் வேரூன்றிய டி.வி.எஸ். குழுமத்தின் நிறுவனமாக 1962-இல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா, சென்னையிலுள்ள பாடியில் இத்தகைய பாகங்களைச் செய்து வருகிறது.

மாஸ்டர் சிலிண்டர் என்பது ஒரு குழாய். அதனுள் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் முகப்பில் கிண்ண வடிவில் ஒரு ரப்பர். பட்டறையில் அதைக் 'கப்' என்பார்கள். மேலே பிரேக் ஆயில் டப்பா. நாம் பெடலை மிதித்ததும் கப் முன்னே நகர்ந்து, டப்பாவிலிருந்து ஆயில் வரும் சிறு துளையைத் தாண்டிவிடும். அப்போது முன்னால் உள்ள ஆயில் அடைபட்டுவிடுகிறது. பாஸ்கல் விதி அங்கேதான் தொடங்குகிறது.

எளிய எண்களில் கணக்குப் பார்ப்போம். காலால் 20 கிலோ விசை. பெடல் ஒரு நெம்புகோல். அது 5 மடங்காக்கினால் 100 கிலோ. மாஸ்டர் பிஸ்டனின் பரப்பு 4 சதுர செ.மீ. எனில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 25 கிலோ. சக்கரத்திலுள்ள பிஸ்டனின் பரப்பு 20 சதுர செ.மீ. எனில் அங்கே 500 கிலோ! இந்த லாபம் சும்மா வருவதில்லை. இவ்விரண்டு பிஸ்டன்கள் மட்டும் இருந்தால், மாஸ்டர் பிஸ்டன் 10 மி.மீ. நகரும்போது சக்கரத்துப் பிஸ்டன் 2 மி.மீ. மட்டுமே நகரும்.

இத்தனையும் அந்தச் சிறு ரப்பர் கப்பை நம்பியிருக்கிறது. (எங்கள் கோச்சடையிலேயே ஃபென்னர் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு ரப்பர் பெல்ட்டுகள் செய்கிறார்கள். ரப்பரின் அருமை எங்கள் ஊருக்குத் தெரியும்!)

சென்ற மே மாதம் ஒரு வாடகைக் கார் பட்டறைக்கு வந்தது. கொடைக்கானலுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வண்டி. சிக்னலில் மிதித்துக்கொண்டு நின்றால் பெடல் மெதுவாகக் கீழே இறங்குகிறது என்றார் ஓட்டுநர். "ரெண்டு தடவை மிதிச்சா புடிச்சுக்குதுண்ணே" என்று அவரே சமாதானமும் சொன்னார். டப்பாவில் ஆயில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. சக்கரங்களிலும் கசிவு இல்லை. ஆகவே பிரேக் சரியாகத்தான் இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. கப்பின் விளிம்பு கிழிந்திருந்தால் அழுத்தப்பட்ட ஆயில் வெளியே வராது. கப்பைத் தாண்டிப் பின்னால் நழுவி மறுபடி டப்பாவுக்கே போய்விடும். ஆயில் குறையாததுதான் இந்த நோயின் அடையாளம் என்றார்.

சோதனை எளிது. இன்ஜினை நிறுத்தி, பூஸ்டரில் மிஞ்சியுள்ள வெற்றிடம் தீரும்வரை நாலைந்து முறை மிதிக்க வேண்டும். பிறகு ஒரே சீராக மிதித்து ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் பைப்பில் காற்று இருக்கலாம். கெட்டியாக இருந்து மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். சந்தேகத்தின் பேரில் புதியது வாங்குவது சித்தப்பாவுக்குப் பிடிக்காது. சிலிண்டரிலிருந்து புறப்படும் பைப்புகளைக் கழற்றி, துளைகளைத் திருகு அடைப்பான்களால் மூடிவிட்டு மறுபடி மிதிக்கச் சொன்னார். ஆயில் போக வழியே இல்லை; ஆயினும் பெடல் இறங்கியது. குற்றவாளி அகப்பட்டது!

எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. முந்தின வாரம்தான் வேறோர் இடத்தில் பிரேக் லைனிங் மாற்றி, காற்றெடுத்திருக்கிறார்கள். அதுவரை பெடல் நன்றாகவே இருந்ததாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. அந்த ஈரத்தால் பிஸ்டன் வழக்கமாகச் செல்லாத ஆழத்தில், குழாயின் உட்சுவரில் துரு படியும். காற்றெடுக்கும்போது பெடலை அடிவரை மிதித்தால் கப் அந்தத் துருவின்மேல் உரசிக் கிழிந்துவிடும். பழைய வண்டிகளில் பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொண்டு மிதிப்பது இதனால்தான்.

ஈரம் செய்யும் கேடு அதோடு நிற்பதில்லை. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையிலாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் இது 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடக்கூடும். கொடைக்கானல் மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரங்கள் வெகுவாகச் சூடேறும். ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. கிழிந்த கப்பும் பழைய ஆயிலும் ஒன்றுசேர்ந்த காரில் குடும்பங்கள் மலையேறிக் கொண்டிருந்தன என்பதை நினைத்தால் எனக்கு நடுக்கமாக இருந்தது.

மாற்றும் வேலை அரைநாளில் முடிந்தது. டப்பாவிலிருந்த ஆயிலை முதலில் உறிஞ்சி எடுத்தார்கள். அது பெயிண்ட்டை அரித்துவிடுமாதலால் சுற்றிலும் துணி விரித்து, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் வைத்திருந்தோம். பைப் நட்டுகளை அதற்குரிய ஸ்பானரால்தான் திருக வேண்டும். சாதாரண ஸ்பானர் முனைகளை மழுக்கிவிடும். புதிய சிலிண்டரை உடனே வண்டியில் பூட்டவில்லை. வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, குமிழி வருவது நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளினார்கள். இதைச் செய்யாவிட்டால் உள்ளே தங்கும் காற்றை வெளியேற்றுவது பெரும் தொல்லை.

வண்டியில் பூட்டியபின் தூரத்துச் சக்கரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காற்றெடுத்தார்கள். மிதிக்கும் வேலை எனக்கு! "மிதி, புடி" என்று சித்தப்பா குரல் கொடுப்பார்; நிப்பிளைத் திறந்து மூடுவார்; "விடு" என்ற பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போகும். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாமல், மூடி பிரிக்காத புதிய டப்பாவையே பயன்படுத்தினார்கள். தவறிக்கூட இன்ஜின் ஆயில் கலக்கக் கூடாது. ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

பிறகு ஒரு நிமிடம் பெடலை மிதித்துப் பிடித்தேன். அசையவில்லை. சித்தப்பா முதலில் பட்டறை வாசலுக்குள்ளேயே நடைவேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு, அதன் பின்னரே மேலக்கால் சாலைக்கு வண்டியைக் கொண்டுபோனார்.

கழற்றிய பழைய சிலிண்டரை நீளவாக்கில் அறுத்துக் கொடுத்திருக்கிறார். துருப்பிடித்த உட்சுவரையும், தலைமுடியளவே கிழிந்த கப்பையும் பார்க்க விரும்பும் தோழியர், அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் கேளுங்கள். ஆய்வுக்கூட அலமாரியில், நீரியல் அழுத்தி மாதிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது.