இரண்டு வருடமாக ‘பார்க்கலாம்’ என்கிறார்

கேள்வி: எனக்கு வயது 26. அரூர் பக்கம் சொந்த ஊர். ஓசூர் சிப்காட்டில் வேலை, ஹாஸ்டல் வாசம். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் ஒருவரோடு இரண்டு வருடப் பழக்கம். ஞாயிறு லீவு கிடைத்தால் அத்திப்பள்ளி தாண்டி வந்துவிடுவார். சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போவோம். அப்புறம் நாலைந்து நாள் ஒரு மெசேஜ்கூட வராது. அவர் வீட்டில் தெலுங்கு, வேறு சாதி. கல்யாணப் பேச்செடுத்தால் ‘பார்க்கலாம்’ என்பார். நண்பர்களிடம் என்னைத் ‘தெரிஞ்ச பொண்ணு’ என்கிறார். எங்கள் வீட்டில் ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்ததும் போனைத்தான் பார்க்கிறேன். ஒன்றும் இல்லையென்றால் அழுகை வருகிறது. எதற்கு அழுகிறேன் என்றே தெரியவில்லை.

பதில்: அழுகைக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தார். இறந்தாரா, திரும்புவாரா என்று தெரியாதவர்களால் துக்கத்தையும் முடிக்க முடியவில்லை, நம்பிக்கையையும் விட முடியவில்லை. உங்கள் நிலைமை அவ்வளவு கொடியதல்ல. ஆனால் வலி அதே இனம்: இருக்கிறார், இல்லாமலும் இருக்கிறார்.

லாக்கர் விஷயம் வேறு. ஸ்கின்னர் என்ற உளவியலாளரின் சோதனைகளில், எப்போதாவது மட்டும் தீனி கிடைத்த பிராணிகள், தீனி அடியோடு நின்ற பிறகும் வெகுநேரம் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தன. தினமும் பேசுகிறவரைவிட, நாலு நாள் காணாமல் போய்த் திரும்புகிறவரிடம் மனசு அதிகம் சிக்குவது இதனால்தான். இதை அன்பின் ஆழம் என்று கணக்கு வைக்காதீர்கள்.

அவரிடம் ‘என்னைப் பிடிக்குமா?’ என்று கேட்க வேண்டாம். ஆமாம் என்பார், அது நிஜமாகவும் இருக்கலாம். ‘உங்கள் வீட்டில் எந்த மாதம் பேசுவீர்கள்?’ என்று கேளுங்கள். போனில் அல்ல, நேரில். மூன்று மொழி புழங்கும் ஓசூரில் தெலுங்கு ஒரு தடையே இல்லை. சாதி அப்படியல்ல. ஓசூரில் குடித்தனம் நடத்திய இளம் தம்பதி 2018-இல் சாதிக்காகக் கொல்லப்பட்டதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அவருக்கு அந்தப் பயம் இருந்தால், பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லட்டும். சேர்ந்து யோசிக்க அதில் இடமுண்டு. ‘பார்க்கலாம்’ என்பதில் இடமில்லை. அன்றைக்கும் அதையேதான் சொன்னால், என்னைக் கேட்டால் அது ‘இல்லை’தான்.

அந்தக் கோபத்தில், வருகிற முதல் வரனுக்குத் தலையாட்டிவிடாதீர்கள். வீட்டில் ஆறு மாதம் தவணை கேளுங்கள். ரூம்மேட் ஒருத்தியிடமாவது விஷயத்தைச் சொல்லுங்கள். பெயரில்லாத உறவு முறிந்தால் துக்கம் விசாரிக்க யாரும் வரமாட்டார்கள், நாமாகச் சொன்னால்தான் உண்டு. தூக்கமோ சாப்பாடோ கெட்டால் அரசின் மனநல உதவி எண் இருக்கிறது: டெலி மானஸ், 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். 24 மணி நேரமும் உண்டு என்பதால் நைட் ஷிப்டுக்காரர்களுக்கும் தோதானது.