விக்டோரியா தினத்துக்கு முன் ட்ரெய்லர் பிரேக்கைப் பாருங்கள்

ஒன்ராறியோவில் பனி கரைந்து, குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த முகாம் ட்ரெய்லர்கள் வெளியே வரும் நேரம் இது. மே நீண்ட வார இறுதிக்கு அல்கோன்குவின், சாண்ட்பாங்க்ஸ் போன்ற பூங்காக்களில் இடம் பதிந்திருப்பவர்கள், வண்டியிலிருந்து ட்ரெய்லரின் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரை இப்போதே வாங்கிப் பூட்டிவிடுங்கள். புறப்படும் வெள்ளி மாலை பூட்டினால் ஓட்டிப் பார்க்க நேரமிராது.

முதலில் ட்ரெய்லரைப் பாருங்கள். மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால் இங்கு தனி பிரேக் கட்டாயம். அது மின்சார பிரேக்காக இருந்தால் கன்ட்ரோலர் வேண்டும். படகு ட்ரெய்லர்கள் பலவற்றில் முன்கொக்கி அமுங்கும்போது தானாகப் பிடிக்கும் பிரேக் இருக்கும், அதற்குத் தேவையில்லை. வண்டியின் சாக்கெட்டையும் பாருங்கள். தட்டையான 4 முனைச் சாக்கெட்டில் விளக்குகளுக்கு மட்டுமே கம்பி உண்டு. பிரேக்குக்கு 7 முனை வேண்டும்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். மலிவானது நேரத்தை வைத்து இயங்குவது: பிரேக் விளக்கு எரிந்ததும், முன்பே வைத்த அளவுவரை மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றும். நீங்கள் மெல்லத் தொட்டீர்களா, ஓங்கி மிதித்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. 401 நெடுஞ்சாலை நெரிசலில் கால் வைக்கும்போதெல்லாம் ட்ரெய்லர் பின்னுக்கு இழுக்கும். சடுதியாக நிறுத்த வேண்டிய இடத்திலோ பின்னிருந்து தள்ளும். மற்றது, வண்டி எவ்வளவு வேகமாக மட்டுப்படுகிறது என்பதை உணர்ந்து அதே விகிதத்தில் ட்ரெய்லரையும் பிடிக்கும். விலை கூடத்தான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இதில் காசு பார்க்க வேண்டாம். இரண்டு அச்சு ட்ரெய்லரில் 4 பிரேக்குகள் இருக்கும். அத்தனைக்கும் போதுமானதா என்று பெட்டியில் வாசித்து வாங்குங்கள்.

பூட்டும் இடம் கைக்கு எட்ட வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. அதிலுள்ள கைவிசைக்காகவே இதைச் சொல்கிறேன். பெரிய லொறி கடக்கும் காற்றில் ட்ரெய்லர் வால்போல ஆடத் தொடங்கினால் கால் தானாக பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். முடுக்கியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி கைவிசையை மெல்லத் தள்ளுங்கள். ட்ரெய்லர் மட்டும் பிடிபட்டு நேராகும். வெறும் தெருவில் இருமுறை பழகிவைத்தால்தான் அந்த நேரத்தில் கை போகும்.

அளவு வைப்பதற்குப் பயணச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, ஆளில்லாத சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடி, கைவிசையை முழுதாக அழுத்துங்கள். ட்ரெய்லர் உறுதியாக இழுக்க வேண்டும், சில்லுகள் பூட்டிக்கொள்ளக் கூடாது. பூட்டினால் குறையுங்கள், இழுவை போதாவிட்டால் கூட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலோ வெறுமையாகத் திரும்பினாலோ மறுபடி பாருங்கள்.

கன்ட்ரோலர் ட்ரெய்லரைக் காணவில்லை என்று காட்டினால், குற்றம் பெரும்பாலும் உப்பும் ஈரமும் அரித்த முனைகளில்தான். அவற்றைத் துடைத்துவிட்டு, ட்ரெய்லர் கழன்றால் பிரேக்கைப் பிடிக்கும் சிறு பற்றரியையும் சோதியுங்கள். வண்டியின் இணைப்பைக் கழற்றி, அவசர ஊசியை இழுத்தால் சில்லுகள் உருளக் கூடாது. உருண்டால் பற்றரி குளிரில் செத்திருக்கலாம். மாற்றிய பிறகே தெருவில் இறக்குங்கள்.